பசங்களா, வைஸ் சிட்டிக்கு அடுத்த பார்ட்ட நீங்களே எடுக்கப் போறீங்களா?

காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற எங்க ஏரியா பசங்க ஒரு பிளானோட சுத்திக்கிட்டிருக்காங்க. ராக்ஸ்டார் கம்பெனியோட ஜிடிஏ சீரிஸ்ல வந்த வைஸ் சிட்டி கேம் எங்க முடிஞ்சுதோ அங்கேர்ந்து கதைய எடுக்கறது, அதோட ஹீரோ டாமி வெர்செட்டி ஒரு சரக்கு கைமாத்தறதுக்காக கப்பல் ஏறி மெட்ராஸ் ஹார்பர்ல வந்து எறங்கறான், இங்க இருக்கற பார்ட்டி ஏமாத்திடறான், கையில பாஸ்போர்ட்டும் இல்ல காசும் இல்ல, அங்கேர்ந்து ராயபுரம், காசிமேடு, பர்மா பஜார்னு போகுது, எல்லாம் தொண்ணூறுகளோட ஆரம்பத்துல. "எப்படிண்ணா இருக்கு"னு கேட்டாங்க. சும்மா சொல்லக்கூடாது, செமயா இருக்கு. ப்ரௌசிங் சென்டர்ல மணிக்கணக்குக்கு காசு குடுத்து வைஸ் சிட்டி ஆடுன எந்த சென்னைப் பையனும் "இது நம்ம ஊர்ல நடந்தா எப்படி இருக்கும்"னு ஒரு தடவையாவது யோசிக்காம இருந்திருக்க மாட்டான். ராக்ஸ்டார்காரன் காசிமேட்டுக்கு வந்து கேம் எடுக்கப் போறதில்லன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால நாமளே எடுத்துடலாம்னு தோணறது இயற்கைதான்.

ஆனா "நாமளே எடுக்கறது"ங்கறதுக்குள்ளயே வேற வேற ரூட் இருக்கு. அதே பேரு, அதே ஹீரோ வச்சு தனி கேமா பண்ணலாம். ஏற்கனவே இருக்கற கேமை மாத்தி, அது மேல புதுசா சேத்து மோடா பண்ணலாம். ரசிகருங்க கை வச்சா கண்டுக்காத கம்பெனியா பாத்து அவங்க கேமை எடுக்கலாம். இல்ல பேரு, ஆளு எல்லாத்தையும் மாத்தி சொந்த கேமாவே விட்டுடலாம். இதுல எதை எடுக்கறீங்கங்கறதப் பொறுத்துதான் மூணு வருஷம் கழிச்சு உங்க கையில ஒரு கேம் இருக்குமா, வக்கீல் நோட்டீஸ் இருக்குமாங்கறது.

நேரடி ரூட்டுல இருக்கற நல்லதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அது நெஜமாவே பெருசு. யாருக்கும் தெரியாத நாலு பசங்க புதுப் பேர்ல ஒரு கேம் விட்டா சீண்ட ஆள் இருக்காது, அதே பசங்க "வைஸ் சிட்டி 2, மெட்ராஸ்"னு ஒரு ட்ரெயிலர் போட்டா ஒரே ராத்திரில ஊரெல்லாம் ஷேர் ஆகும். கூட வேலை செய்ய ஆளும் கிடைப்பாங்க, சம்பளம் இல்லாம மாடலிங் பண்ண ஒருத்தன், மியூசிக் போட ஒருத்தன்னு வருவான், ஏன்னா அவனுக்கும் அந்த கேம் மேல பாசம். போக்கிமான் யுரேனியம்னு ஒரு ஃபேன் கேம், அதாவது ரசிகருங்களே பண்ணது, ஒன்பது வருஷம் உழைச்சு 2016 ஆகஸ்ட்ல இலவசமா விட்டாங்க, கொஞ்ச நாள்லயே 15 லட்சம் டவுன்லோடுக்கு மேல போச்சு. விளம்பரத்துக்கு காசு போடாத ஒரு டீமுக்கு இது எவ்ளோ பெரிய நம்பர்னு யோசிச்சுக்கோங்க. அடுத்து என்ன ஆச்சுன்னா போக்கிமானை விக்கற நிண்டெண்டோ தரப்பு வக்கீலுங்க டவுன்லோடு லிங்க் வச்சிருந்த சைட்டுங்களுக்கெல்லாம் நோட்டீஸ் விட்டாங்க, டீமே லிங்க்க எடுத்துடுச்சு.

அதே 2016 ஆகஸ்ட்லதான் இன்னொண்ணும் நடந்துச்சு. 1991ல கேம்பாய்ல வந்த மெட்ராய்டு 2வை நிண்டெண்டோ வருஷக்கணக்கா திரும்பியே பாக்கல. அர்ஜென்டினாக்காரர் மில்டன் குவாஸ்டி பத்து வருஷத்துக்கு கிட்ட உக்காந்து, புரோகிராமிங்கையே அதுக்காக கத்துக்கிட்டு, அதை ரீமேக் பண்ணி ஏஎம்2ஆர்னு பேர் வச்சு, சீரிஸோட முப்பதாவது பிறந்தநாள் அன்னிக்கு விட்டாரு. சீக்வல் இல்ல ரீமேக்தான், ஆனா சட்டத்துக்கு முன்னாடி ரெண்டும் ஒண்ணுதான். சூட்டோட சூடா நோட்டீஸ் வந்துடுச்சு. அடுத்த வருஷம் 2017 செப்டம்பர்ல நிண்டெண்டோவே அதே மெட்ராய்டு 2வை சாமஸ் ரிட்டர்ன்ஸ்னு 3டிஎஸ்ல கொண்டு வந்தாங்க. கம்பெனி ஒரு பழைய கேமை மறந்துட்டாங்கன்னு நாம வெளியேர்ந்து நெனைச்சுக்கறோம், உள்ள அதுக்கு ஆள் போட்டு வேலை ஓடிக்கிட்டிருக்கும், நமக்கு எப்படித் தெரியும்? ஆனா குவாஸ்டிக்கு அந்த உழைப்பு வீண் போகலங்கறதையும் சொல்லணும், அந்த கேமைப் பாத்துட்டு மூன் ஸ்டூடியோஸ் அவரை லெவல் டிசைனரா எடுத்துக்கிட்டாங்க, 2020ல வந்த ஓரி அண்ட் த வில் ஆஃப் த விஸ்ப்ஸ்ல அவரோட வேலை இருக்கு. அதனால "நோட்டீஸ் வந்தா எல்லாம் போச்சு"ன்னு சொல்றவன் பேச்சையும் முழுசா நம்பாதீங்க. கேம் போச்சு, கைத்தொழில் போகல.

ரிலீஸே ஆகாம செத்ததுதான் கொடுமை. க்ரோனோ ட்ரிக்கருக்கு க்ரிம்சன் எக்கோஸ்னு ஒரு ஃபேன் சீக்வல், வருஷக்கணக்கா பண்ணி கிட்டத்தட்ட முடிச்சுட்டாங்க, ரிலீஸ் தேதிக்கு சில வாரம் இருக்கறப்ப 2009 மே மாசம் ஸ்கொயர் எனிக்ஸ் லெட்டர் வந்துச்சு, அவ்ளோதான். அப்புறம் லீக் ஆனதத்தான் ஜனங்க ஆடுனாங்க. கம்பெனிக்காரன் தொடக்கத்துலயே சொன்னா வேற வேலையாச்சும் பாத்திருப்பாங்க, ஆனா அவன் எப்ப சொல்லுவாங்கறது அவன் இஷ்டம்.

"நாங்க காசே வாங்கல, ஃப்ரீயாத்தானே குடுக்கறோம்"னு பசங்க சொன்னாங்க. எல்லாரும் சொல்றதுதான். நம்ம ஊரு 1957 காப்பிரைட் சட்டத்துலயே கம்ப்யூட்டர் புரோகிராம் இலக்கியப் படைப்புக் கணக்குலதான் வருது, அதைத் தழுவி இன்னொண்ணு பண்ற உரிமை ஓனருக்குத்தான். காசு வாங்காததால தண்டனையோட கனம் குறையலாம், தப்பே இல்லன்னு ஆகாது. நான் வக்கீல் இல்ல, பெருசா ஏதாவது பண்றதா இருந்தா ஹைகோர்ட் பக்கம் தெரிஞ்ச ஒருத்தரப் பாத்து ஒரு அரை மணி நேரம் பேசிடுங்க, செலவு கம்மிதான்.

சரி, உங்க கேசுக்கு வரேன். நீங்க கை வைக்க நெனைக்கறது ராக்ஸ்டாரோட தாய்க் கம்பெனியான டேக்-டூவோட சொத்து. 2021 பிப்ரவரில ஆர்இ3ன்னு ஒரு ப்ராஜெக்ட்ட தூக்க வச்சாங்க, அது ஜிடிஏ 3, வைஸ் சிட்டி ரெண்டோட கோடையும் ரிவர்ஸ் இன்ஜினியரிங் பண்ணி திரும்ப எழுதுனது, ஒரிஜினல் கேம் கையில இருந்தாத்தான் அதை ஓட்டவே முடியும், அப்படியிருந்தும் விடல, அதே வருஷம் செப்டம்பர்ல பண்ணவங்க மேல கலிஃபோர்னியா கோர்ட்ல கேசே போட்டாங்க. அந்த நவம்பர்லதான் அவங்களோட ட்ரைலஜி டெஃபினிட்டிவ் எடிஷன் வந்து மழை பெஞ்சா ரோடே தெரியாத நெலமைல ஜனங்ககிட்ட திட்டு வாங்குச்சு, அது தனிக் கதை. ஆக எல்லா கம்பெனியையும் விட்டுட்டு நீங்க போய் நிக்கறது ரொம்ப கறாரான ஆள் வாசல்ல.

இப்ப மோடு ரூட்டு. தனி கேமா விடாம, ஒரிஜினல் கேம் வச்சிருக்கறவன் அதுமேல போட்டு ஆடற மாதிரி பண்றது. உங்க பக்கம் நியாயம் ஜாஸ்தி, ஏன்னா கம்பெனிக்கு ஒரு காப்பி வித்துக் குடுக்கறீங்க. இஞ்சின், அதாவது கேமை ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர், எழுத வேணாம், கார் எப்படி ஓடணும், போலீஸ் எப்படி தொரத்தணும்னு யோசிக்க வேணாம், எல்லாம் ரெடியா இருக்கு. போர்ட்டல் 2 மேல போர்ட்டல் ஸ்டோரீஸ் மெல் 2015லயும் போர்ட்டல் ரெவல்யூஷன் 2024லயும் வந்துச்சு, ரெண்டும் போர்ட்டல் 2 பண்ண வால்வ் கம்பெனியோட சொந்த ஆன்லைன் கடையான ஸ்டீம்லயே இலவசமா கிடைக்குது. கவுன்டர் ஸ்ட்ரைக்கே 1999ல ஹாஃப் லைஃப் மேல ரெண்டு பசங்க பண்ண மோடுதானே, அடுத்த வருஷமே வால்வ் வாங்கிட்டாங்க.

ஆனா மோடுங்கறது வாடகை வீட்டு மேல மாடி கட்டற மாதிரி, ஓனர் கீழ ஒரு தூணை இடிச்சா மேல நீங்க ஆடிப்போவீங்க. ஃபால்அவுட் லண்டனுக்கு அதான் ஆச்சு. ஃபால்அவுட் 4 மேல ஒரு முழு லண்டனையே கட்டுன மோடு, 2024 ஏப்ரல்ல விடறதா தேதி சொல்லிட்டாங்க, அதே வாரத்துல ஃபால்அவுட் 4 ஓனரான பெதஸ்டா தன் பழைய கேமுக்கு பெரிய அப்டேட் விடப் போறேன்னு அறிவிச்சுட்டாங்க. அது வந்தா மோடு ஓடாது. கடைசில ஜூலை 25க்கு தள்ளிப் போச்சு, அதுவும் ஸ்டீம்ல கேம் வச்சிருக்கறவன் அப்டேட்ட ரிவர்ஸ் பண்ணித்தான் ஆடணும். பெதஸ்டா இவங்களுக்கு எதிரியும் இல்ல, கெட்ட எண்ணமும் இல்ல, தன் வேலையத்தான் பாத்தாங்க. அப்படியும் இந்தக் கதி.

ஜிடிஏ 5 மேல மெட்ராஸ் மோடு போட்டா என்னன்னு கேட்டீங்க இல்ல? 2017ல ஓப்பன்ஐவின்னு ஒரு மோடு டூலை டேக்-டூ மூடச் சொல்லி, ஆடறவங்க எல்லாம் ஸ்டீம்ல போய் மட்டமா ரிவியூ போட்டு கலாட்டா பண்ணதும், ராக்ஸ்டார் ஒரு பாலிசி சொன்னாங்க, தனியா ஆடற, காசு பண்ணாத மோடுங்கள பொதுவா விட்டுடுவோம்னு. கேக்க நல்லாருக்கு. அப்புறம் அந்த பாலிசிலயே விதிவிலக்கு சேர்ந்துச்சு, புது கேம், புது கதை, புது மிஷன், புது மேப் பண்றதுக்கு அந்த சலுகை கிடையாதுன்னு, ராக்ஸ்டாரோட வேற கேம்லேர்ந்து சாமான எடுத்துட்டு வரதும் கூடாதுன்னு. உங்க பிளான்ல இருக்கறது என்ன? புது கதை, புது மிஷன், புது மேப், வேற கேம்லேர்ந்து டாமி. ஒண்ணு விடாம எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. ஆன்லைன்ல ஆளுக்கொரு வேஷம் போட்டு ஆடற ஆர்பி சர்வர் ரூட்டு கொஞ்சம் தேவலாம், 2015ல அந்த மாதிரி சர்வர் ஓட்டற ஃபைவ்எம் மோடு பண்ணவங்கள பேன் பண்ண அதே ராக்ஸ்டார் 2023ல அந்த டீமையே வாங்கிட்டாங்க, ஆனா சர்வருக்கும் ரூல் இருக்கு, நெஜ பிராண்டு, வெளிப் பாட்டு, ராக்ஸ்டாரோட மத்த கேம் ஆளுங்க எதுவும் உள்ள வரக்கூடாது. டாமியும் வரக்கூடாது, ராஜா பாட்டும் ஓடக்கூடாதுன்னா அது என்ன மெட்ராஸ்?

மூணாவது, இளகின மனசு கம்பெனி தேடறது. இதுல ரொம்ப அழகான கதை சோனிக்கோடது. சோனிக் ஃபேன் கேம் உலகத்துலேர்ந்து வந்த கிறிஸ்டியன் வைட்ஹெட் மாதிரி ஆளுங்கள சோனிக் ஓனரான சேகாவே கூப்பிட்டு, 2017ல சோனிக் மேனியா பண்ண வச்சாங்க, அந்த சீரிஸ்ல அவ்ளோ நல்ல கேம் வந்து பல வருஷம் ஆயிருந்துச்சு. சிங்கப்பூர் ரசிகர் ஒருத்தர் பண்ணிக்கிட்டிருந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் மெகா மேன் கேமை அந்த ரெண்டு சீரிஸுக்கும் ஓனரான கேப்காம் தூக்கல, செலவு போட்டு 2012 டிசம்பர்ல அவங்களே இலவசமா விட்டாங்க. அண்டர்டேல் யெல்லோ ஏழு வருஷ உழைப்பு, 2023 டிசம்பர்ல வந்துச்சு, யாரும் தடுக்கல, ஒரிஜினல் பண்ண டோபி ஃபாக்ஸ் ரசிகர் வேலைக்கு வழி விடற ஆளு.

ஆனா கம்பெனிக்கு மனசு இளகிருக்குன்னு நம்பி வீடு கட்டாதீங்க. அதே சேகாதான் 2011ல ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் ரீமேக்க, எட்டு வருஷ உழைப்பு, வெளிய வந்த சில நாள்லயே எடுக்க வச்சது. கிங்ஸ் குவெஸ்டோட ஃபேன் சீக்வல் த சில்வர் லைனிங் கதை இன்னும் ஜோர், 2005ல அப்ப உரிமை வச்சிருந்த விவென்டி நிறுத்தச் சொல்லி, ரசிகருங்க கெஞ்சி, சரி பண்ணுங்கன்னு விட்டாங்க, அப்புறம் உரிமை ஆக்டிவிஷன் கைக்கு மாறுச்சு, 2010ல அவங்க திரும்ப நிறுத்தச் சொன்னாங்க, திரும்ப கெஞ்சல், திரும்ப அனுமதி. ஓனர் மாறுனா வாக்கு மாறும். அதுல நாலு எபிசோடு 2010, 11ல வந்துச்சு, கடைசி எபிசோடு இழுத்துக்கிட்டே போச்சு. அனுமதி கிடைச்ச கேமுக்கே முடிக்கறதுல இந்தப் பாடு, ஏன்னா சம்பளம் இல்லாத டீம்ல எவனுக்கு வேலை கிடைக்குது, எவனுக்கு கல்யாணம் ஆகுதுன்னு சொல்ல முடியாது. பிளாக் மேசா, வால்வோட முழு ஆசியோட நடந்த ஹாஃப் லைஃப் ரீமேக், 2012ல முக்கால்வாசி கேம் வந்துச்சு, கடைசிப் பகுதியோட முழுசா வரதுக்கு 2020 ஆச்சு.

இங்க ஒண்ணு பேசணும், சட்டத்துக்கு சம்பந்தமே இல்லாத விஷயம். ஃபேன் சீக்வல்ல பாதி ஏன் ஆட சலிப்பா இருக்குன்னா பண்றவன் ஒரிஜினலை நூறு தடவை ஆடி முடிச்சவன். அவனுக்கு சுலபமா தெரியற லெவல் புதுசா வரவனுக்கு கழுத்தறுப்பு. மிஷனுக்கு மிஷன் "இது அந்த சீன்ல வந்த ஹோட்டல், இது அந்த ஆளோட தம்பி"ன்னு பழசையே சொல்லிக்கிட்டிருப்பான். ரீமேக்ல இந்தப் பிரச்சனை கம்மி, டிசைன் ஏற்கனவே ஒருத்தர் போட்டுக் குடுத்துட்டாரு. சீக்வல்ல கதை, மேப், மிஷன் எல்லாம் உங்க மண்டைலேர்ந்து வரணும், ஆனா ஆடறவன் அதை ராக்ஸ்டாரோட காசுல பண்ணதோட ஒப்பிட்டுத்தான் பாப்பான். பேரு கூட்டத்தையும் கூட்டிட்டு வரும், அளவுகோலையும் கூடவே கொண்டு வரும்.

கடைசி ரூட்டு சொந்த கேம். "அது எல்லாரும் சொல்றதுதாண்ணா"னு மூஞ்சிய தூக்காதீங்க, இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, ஃபேன் கேமா ஆரம்பிச்சு பாதில தோலை மாத்தறது. ஃப்ரீடம் பிளானெட் சோனிக் ஃபேன் கேமாத்தான் ஆரம்பிச்சுது, நடுவுல ஆளுங்கள மாத்தி 2014ல காசுக்கே வித்தாங்க, ரெண்டாவது பார்ட்டும் வந்துச்சு. சோனியோட ப்ளட்போர்ன் கேமை வச்சு ரசிகருங்க பண்ண ரேஸ் கேம் ப்ளட்போர்ன் கார்ட்டுன்னு ஒண்ணு, சோனி தரப்புலேர்ந்து பேச்சு வந்ததும் பேரையும் அடையாளத்தையும் கழட்டிட்டு 2024 மே மாசம் நைட்மேர் கார்ட்டா விட்டாங்க, ஜனங்க ஜாலியா ஆடுனாங்க, கேம் அதேதான். ரெசிடென்ட் ஈவில் 2வை ரீமேக் பண்ணிக்கிட்டிருந்த இத்தாலி டீமை 2015ல கேப்காம் நிறுத்தச் சொல்லி ஜப்பானுக்கு கூப்பிட்டுப் பேசுனாங்க, அந்த டீம் அப்புறம் டேமேர் 1998னு சொந்த கேம் விட்டுச்சு. ரெண்டாவது வகை, மொத நாள்லேர்ந்தே சொந்தமா யோசிக்கறது.

இதுல கஷ்டம் இல்லன்னு சொல்லல. கூட்டத்தை நீங்கதான் சேக்கணும், இஞ்சின் வேலை உங்க தலைல, வைஸ் சிட்டி சைஸுக்கு ஒரு ஓப்பன் வேர்ல்டு நாலு பேரால சத்தியமா முடியாது. செலவு பரவால்ல, கோடோ இஞ்சின் முழுக்க ஃப்ரீ, அன்ரியல்ல பத்து லட்சம் டாலர் வசூல் தாண்டுனாத்தான் பங்கு குடுக்கணும் (அந்தப் பிரச்சனை நமக்கெல்லாம் வரட்டும்), 3டி மாடல் பண்ற ப்ளெண்டர் ஃப்ரீ, ஸ்டீம்ல ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். ரிட்சி ஸ்ட்ரீட்ல ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கறதுதான் பெரிய செலவு.

இதுல எதுன்னு முடிவு பண்றதுக்கு நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். கடன் வாங்குன பேரை எடுத்துட்டா உங்க கேம்ல என்ன மிச்சம் இருக்கும்? அண்டர்டேல் யெல்லோல அண்டர்டேலை எடுத்துட்டா ஒண்ணும் நிக்காது, அது அந்த உலகத்தோட முன்கதை, அங்கதான் இருக்க முடியும், அதுக்கு மனசு இளகின ஓனரும் இருந்தாரு, அதனால அவங்க ரூட்டு சரி. போர்ட்டல் மோடுங்களும் அப்படித்தான், சுவத்துல வாசல் திறக்கற அந்தத் துப்பாக்கி இல்லாம புதிரே இல்ல. உங்க கதைலேர்ந்து டாமிய எடுங்க. ஹார்பர் இருக்கு, ஐஸ் கம்பெனி இருக்கு, பர்மா பஜார்ல கடை போட்டிருக்கற பர்மா அகதிக் குடும்பம் இருக்கு, விடிகாலைல மீன் ஏலம் இருக்கு, ஏமாத்துன பார்ட்டி இருக்கான். ஊர் தெரியாம வந்து மாட்டுன ஒருத்தன் வேணும், அவன் வைஸ் சிட்டிலேர்ந்துதான் வரணும்னு என்ன? தூத்துக்குடிலேர்ந்து தோணில வரட்டும், கொழும்புலேர்ந்து வரட்டும். உண்மைய சொன்னா நீங்க கதை சொல்றப்ப டாமி வர இடத்துலதான் எனக்கு கொஞ்சம் இடிச்சுது, மத்ததெல்லாம் நம்புற மாதிரி இருந்துச்சு.

அதனால உங்களுக்கு நான் சொல்றது சொந்த கேம், அதுவும் தோலை மாத்தற வேலையெல்லாம் வேணாம், இப்பவே பேரை விட்டுடுங்க. ஆனா டீம்ல ஒருத்தனுக்கும் இதுவரைக்கும் ஒரு கேமை முடிச்சு வெளிய விட்ட அனுபவம் இல்லன்னா, முதல்ல ஒரு ஆறு மாசம் போர்ட்டல் 2லயோ வேற மோடுக்கு வழி விடற கேம்லயோ சின்னதா ஒரு மோடு பண்ணி விடுங்க, ஒரு மணி நேரம் ஆடற மாதிரி இருந்தா போதும். அதுல யாரு நெஜமா வேலை செய்றான், யாரு வாட்ஸ்ஆப்ல மட்டும் வேலை செய்றான்னு தெரிஞ்சுடும். டாமி இல்லாம பண்ணவே மாட்டேன்னு எவனாவது அடம் பிடிச்சா, அவன் தனியா ஜாலிக்கு பண்ணி ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் காட்டட்டும், அதுல யாருக்கும் நஷ்டமில்ல, கோடிங் கத்துக்கலாம். ட்ரெயிலர் மட்டும் போடக்கூடாது.

மெட்ராஸ் முழுக்க வேணாம். ராயபுரம் கல்மண்டபத்துலேர்ந்து காசிமேடு ஹார்பர் வாசல் வரைக்கும் போதும், ஒரு மீன்பாடி வண்டி, ஒரு ஆட்டோ, ஒரு பல்லவன் பஸ். அதுலயும் பேர், லோகோ எல்லாம் நெஜ கம்பெனிங்களோடது வராம பாத்துக்கோங்க. ரேடியோல சினிமாப் பாட்டு போடற ஆசைய விட்டுடுங்க, வைஸ் சிட்டிக்கே லைசென்ஸ் முடிஞ்சதும் பின்னாடி வந்த பதிப்புங்கள்ல சில பாட்ட எடுக்க வேண்டியதாச்சு, ராக்ஸ்டாருக்கே அந்த நெலமைன்னா நமக்கு என்ன. அதுக்கு பதிலா ஏரியாவுலயே கானா பாடற பசங்க இருக்காங்க, சொந்தமா கட்டுன பாட்டா பாத்து கேளுங்க, ஏதோ ஒரு தொகை கையில குடுங்க, பாட்டும் மெட்டும் அவங்களோடதுதான், இந்த கேம்ல காலத்துக்கும் யூஸ் பண்ணிக்கலாம்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிக்கோங்க, ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே.